மார்ஃபின் மாத்திரையா, ஃபென்டனில் பேட்சா?

இரண்டுமே கடும் வலிக்குத் தரும் ஓபியாய்டு (அபின் வகை) மருந்துகள். வலி ஏறி இறங்கும் கட்டத்தில் மாத்திரைதான் சரி. சாதாரண மார்ஃபின் அரை மணி நேரத்தில் கேட்கத் தொடங்கி, சுமார் 4 மணி நேரம் தாங்கும். போதவில்லையென்றால் மருத்துவர் அளவைச் சீக்கிரமே மாற்றலாம். வலி வரும்வரை காத்திருக்காமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுவில் வலி கிளம்பினால் தருவதற்கு, நாள் மொத்த அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத் தனியாக எழுதித் தருவார்கள். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். மலமிளக்கியை முதல் நாளே தொடங்குங்கள்.

தோலில் ஒட்டும் பேட்ச், வலி ஒரு நிலைக்கு வந்தவருக்கும் விழுங்க முடியாதவருக்கும். பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒன்று. ஓபியாய்டு பழகாத உடம்பில் ஒட்டவே கூடாது. பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து இன்னொன்றை ஒட்டுவதுதான் பெரிய ஆபத்து. காய்ச்சல், வெந்நீர்ப் பை என எந்தச் சூடு பட்டாலும் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். தட்டினாலும் எழாத தூக்கம், மெதுவாகும் மூச்சு என்றால் உடனே பேட்சைக் கழற்றி அவசர உதவியை அழையுங்கள். கழற்றிய பிறகும் மருந்து பல மணி நேரம் உடம்பில் இருக்கும், கண்காணிப்பை விடாதீர்கள். பழைய பேட்சிலும் மருந்து மிச்சமிருக்கும்; ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தை கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.