சோக் பிட்டா, கசிவு வாய்க்காலா?

செப்டிக் டேங்க்கை எந்த மண்ணிலும் கட்டிவிடலாம். அதிலிருந்து வெளியேறும் நீரை எங்கே விடுவது என்பதில்தான் சிக்கல். கொத்தனார் நாலு உறையை இறக்கி, "சோக் பிட் போட்டாச்சு" என்பார்; நீரைச் சுற்றியுள்ள மண்ணே உறிஞ்சிக்கொள்ளும் குழி அது. மாற்று வழி கசிவு வாய்க்கால்: 50 முதல் 100 செ.மீ. ஆழ வாய்க்காலில் ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாய் பதித்து, மேலே மண் மூடுவது. எது பொருந்தும் என்பதை மண்ணிடம் கேட்க வேண்டும்.

கழிவுநீர் இறங்கப்போகும் ஆழம் வரை, 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் ஒரு குழி தோண்டுங்கள். பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் 5 செ.மீ. பருமணல் போட்டு, அதற்கு மேல் 30 செ.மீ. நீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் மணலுக்கு மேல் 15 செ.மீ. நீர் நிறுத்தி, 30 நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். 30 மி.மீ. இறங்கினால், 25 மி.மீ. இறங்க ஆகும் நேரம் 25 நிமிடம். அந்த நிமிடக் கணக்குதான் உங்கள் மண்ணின் கசிவு வேகம். ஊறவைப்பதைத் தவிர்க்கவே கூடாது. கோடையில் கரிசலின் வெடிப்புகள் நீரைக் குடித்துத் தீர்க்கும். மழையில் மண் உப்பி வெடிப்பு மூடியதும் குழி நிரம்பி, கழிவறையில் நீர் இறங்காது.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470-இன்படி 30 நிமிடம் வரை இரண்டும் சரி. 30 முதல் 60 வரை வாய்க்கால் மட்டும். 60-ஐத் தாண்டும் களியில் இரண்டும் வேண்டாம். ஜல்லி வழியே நீர் கீழிருந்து மேலேறும் வடிகட்டித் தொட்டி கட்டி, வடிகாலில் விட வேண்டும்.

பரப்பைக் கணக்கிட, 204-ஐ நிமிடத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஒரு சதுர மீட்டர் ஒரு நாளில் உறிஞ்சும் லிட்டர் கிடைக்கும். 25 நிமிட மண்ணுக்கு அது சுமார் 41. நாளுக்கு 500 லிட்டர் கழிவுநீர் என்றால் 12 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 60 செ.மீ. அகல வாய்க்காலுக்கு 21 மீட்டர் நீளம் போதும். சோக் பிட்டில் பக்கச் சுவர்தான் கணக்கு: 90 செ.மீ. விட்டம், 1.5 மீட்டர் பயன்படும் ஆழம் உள்ள குழி ஒன்று 4.2 சதுர மீட்டர்தான் தரும். மூன்று குழி தேவைப்படும் இடத்தில் ஒன்றை இறக்கிவிட்டு, கழிவுநீர் உறிஞ்சும் லாரிக்குக் காசு கொடுப்பவர்கள் ஏராளம்.

கசிவுச் சோதனையில் தேறினாலும் நிலத்தடி நீர் கவிழ்த்துவிடலாம். கிணற்று மட்டத்தைச் சித்திரையில் பார்க்காதீர்கள், கார்த்திகையில் பாருங்கள். 1.8 மீட்டருக்குள் நீர் நின்றால் சோக் பிட் கூடாது. வாய்க்காலையே தரைக்கு மேல் மண்மேடு கட்டி அமைக்கலாம். தொட்டியின் வெளிப்போக்கு தாழ்வாக இருந்தால் பம்பும் வேண்டும்.

களியைவிட அஞ்ச வேண்டியது, சட்டென்று உறிஞ்சும் மண்தான். களியின் குறை உடனே முகத்தில் அடிக்கும். திருவான்மியூர் முதல் கோவளம் வரையான கடற்கரை மணலிலும், யாழ்ப்பாணத்தின் துளையும் பிளவுமான சுண்ணாம்புக் கல்லிலும் குழி நிரம்பவே நிரம்பாது, வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் கிருமியும் நைட்ரேட்டும் வடிபட நேரமின்றி கிணற்றுக்குப் போகும். இங்கே ஆழக் குழியைவிட ஆழமற்ற வாய்க்கால் மேல்: நீர்மட்டத்துக்கு மேல் கூடுதல் மண் மிஞ்சும். விரிந்த பிளவுள்ள கல்லின்மேல் மண் மெலிதாக இருந்தால் அதுவும் உதவாது.

குழியோ வாய்க்காலோ, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி தள்ளி இருக்க வேண்டும். 30-க்கு 40 அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். அப்படிப்பட்ட மனையில் குடிநீருக்குப் போர் இருந்தால், அடியிலும் காங்கிரீட் போட்டு மூடிய தொட்டியும் லாரியும்தான் வழி. பக்கத்து வீட்டுப் போரையும் சேர்த்தே அளக்க வேண்டும்.