ரத்த உறைவுப் பேக்கேஜ் என்று 11,800 ரூபாய் பிடுங்கிக்கொண்டார்கள், உஷார்!

வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுக்கும் ஆன்லைன் லேப் ஒன்றிடம் 11,800 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். புகார் நடப்பதால் பெயர் போடவில்லை.

என் மகளுக்கு 9 வயது. பல் பிடுங்கிய அன்று ரத்தம் ஒழுங்காக நின்றுவிட்டது. மறுநாள் மதியம் சாப்பிடும்போது தயிர்சாதத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பஞ்சு வைத்தால் நிற்கும், அப்புறம் மறுபடி கசியும். பல் டாக்டர் ரத்த உறைவு பார்க்கச் சொன்னார். தேடியபோது கண்ணில் பட்டது இந்த விளம்பரம்: "அரிய உறைவுக் கோளாறுகள் உட்பட அனைத்தும் ஒரே பேக்கேஜில்."

போனில் பேசிய பெண் அவ்வளவு தன்மையாகப் பேசினாள். பாப்பா பெயர் கேட்டாள், சாப்பிட்டாளா என்று விசாரித்தாள். "எந்த ஃபேக்டர் குறைஞ்சிருந்தாலும் இதுல தெரிஞ்சிடும்க்கா, எங்க அண்ணன் பொண்ணுக்கும் இதைத்தான் எடுத்தோம்" என்றாள். (ஃபேக்டர் என்றால் ரத்தம் உறைய உதவும் புரதம்.) இதைவிட என்ன உறுதி வேண்டும்? உடனே ஜிபே செய்தேன்.

வந்த ரிப்போர்ட்டில் இருந்தது தட்டணு எண்ணிக்கை, பிடி (PT), ஏபிடிடி (aPTT) என்று ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது எனப் பார்க்கும் இரண்டு சோதனைகள், பிளீடிங் டைம், கிளாட்டிங் டைம். அவ்வளவுதான். ஒரு ஃபேக்டர்கூடப் பார்க்கவில்லை! ஆனால் கடைசியில் தடித்த எழுத்தில் "உறைவுக் கோளாறு எதுவும் இல்லை". தெரு முனை லேபில் சொற்பக் காசுக்கு எடுக்கும் டெஸ்டுகளுக்கு 11,800 ரூபாய்.

அதை நம்பியிருந்தோம். சைக்கிளிலிருந்து விழுந்தவளுக்குத் தொடை கல் மாதிரி வீங்கியது. ரத்தநோய் டாக்டரிடம் ஓடினோம். ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் கேட்டது இரண்டே கேள்வி: "தொப்புள்கொடி விழுந்தப்போ ரத்தம் நிக்காம வந்துச்சா? சொந்தத்துல கல்யாணமா?" இரண்டுக்கும் ஆமாம்.

பரம்பரையாக வரும் 13-ஆம் ஃபேக்டர் குறைபாடு. சுமார் 20 லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. பிடி, ஏபிடிடி இரண்டும், ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரின் என்ற இழை உருவானதுமே முடிந்துவிடும் சோதனைகள். அந்த இழைகளை இறுக்கிப் பிணைப்பது அதற்கு அடுத்த வேலை, அதைத்தான் 13-ஆம் ஃபேக்டர் செய்கிறது. அது இல்லாவிட்டாலும் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். உறைந்த ரத்தத்தை யூரியா கரைசலில் போட்டுக் கரைகிறதா என்று பார்த்தார்கள், கரைந்துவிட்டது. பெரிய மெஷின்கூட வேண்டாத சோதனை. இந்த நோயில் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து அதிகமாம். அவள் தலையில் அடிபட்டிருந்தால்?

லேபுக்குப் போன் செய்தால், "ரிப்போர்ட் அனுப்பியாச்சுன்னா ரீஃபண்ட் கிடையாது மேடம்." அக்கா இப்போது மேடம். அடுத்து ஒருவர், "மெஷின் சொன்னதைத்தான் போட்டோம்." 'இல்லை' என்று எழுதியது மெஷினா? மெயிலுக்கு வந்த பதில், "உங்கள் கருத்துக்கு நன்றி." 11,800 ரூபாய்க்கு நன்றி!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் கேளுங்கள். பணம் கட்டும் முன் டெஸ்ட் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். நின்ற ரத்தம் மறுநாள் திரும்ப வந்தால், ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் ரத்தநோய் டாக்டரைப் பாருங்கள், தொப்புள்கொடி விஷயத்தை நீங்களே சொல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின், ப்ரூஃபென் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன், இதே பேக்கேஜில் பணம் கட்டியவர்கள் நீங்களும் கொடுங்கள்.