எந்திரத்தின் உருவமா, எந்திரத்தின் லயமா?

தொழிற்சாலையைக் கருவாகக் கொண்டு ஸ்கிரீன் பிரிண்ட் (வலைத்திரை வழியே மையை இறக்கும் அச்சு) துணி வடிவமைக்க முனைபவர், வண்ணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். புகைபோக்கியையும் பற்சக்கரத்தையும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்படி வரைவதா, அல்லது அவற்றின் அடுக்கையும் திரும்பத் திரும்ப வரும் அசைவையும் மட்டும் எடுத்துக்கொண்டு உருவத்தை விட்டுவிடுவதா என்பதே அது.

இரண்டுக்கும் நல்ல முன்மாதிரிகள் ஒரே ஆண்டில், பிரிட்டனிலேயே கிடைக்கின்றன. மனிதன் நிலவில் இறங்கிய 1969இல் வார்னர் அண்ட் சன்ஸ் நிறுவனத்துக்காக எடி ஸ்கொயர்ஸ் வடிவமைத்த ‘லூனார் ராக்கெட்’ திரைச்சீலைத் துணியில் ராக்கெட் ராக்கெட்டாகவே நிற்கிறது. அதே ஆண்டு ஹீல்ஸ் நிறுவனத்துக்காக பார்பரா பிரவுன் வடிவமைத்த ‘ஸ்பைரல்’, ‘ஃப்ரீக்வென்சி’ துணிகளில் பெயர் சொல்லத்தக்க எந்திரம் எதுவும் இல்லை. ஆயினும் அவற்றில் சுழன்றும் அலைந்தும் செல்லும் வடிவங்களைப் பார்ப்பவருக்கு, ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பொறியின் அருகில் நிற்பது போலிருக்கும்.

உருவத்தை வரைவதன் பலம் வெளிப்படையானது. பலவீனம், துணி மடியும்போது தெரிய வரும். சன்னலின் அகலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு துணியைச் சுருக்கித் தொங்கவிடுவதால், அழகாக வரைந்த கிரேனின் கை ஒரு மடிப்புக்குள்ளும் அதன் கொக்கி இன்னொரு மடிப்பின் மேலும் போய்விடுகின்றன. உடலில் அணியும்போது நிலைமை இன்னும் மோசம். 1920களின் பிற்பகுதியில் சோவியத் ஆலைகள் டிராக்டரையும் புகைபோக்கியையும் ஆடைத் துணிகளில் அச்சிட்டன. அவை ஸ்கிரீனில் அல்ல, செதுக்கிய செப்பு உருளைகளில் அச்சானவை என்றாலும் பாடம் ஒன்றே. 1933இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா நாளேடே அவற்றைக் கேலி செய்தது. முதுகில் எந்திரத்தைச் சுமந்து நடக்க எத்தனை பேர் விரும்புவார்கள்?

லயத்தை வரையும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை. மடிப்பு எங்கே விழுந்தாலும் அலை அலையாகவே இருக்கும்; சொல்லப்போனால், துணியின் மடிப்பே வடிவத்துக்கு இன்னொரு அசைவைச் சேர்க்கிறது. ஆகவே தொங்கும் துணிக்கு நான் தயங்காமல் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் அச்சு மேசைக்கு வந்துவிட்டால் தராசு மறுபக்கம் சாய்கிறது.

கையால் அச்சிடும் மேசையில் பிரேமை, அதாவது ஸ்கிரீன் கட்டிய சட்டத்தை, நகர்த்தி நகர்த்தி வைப்பதால் ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே இணைப்பு வந்தே தீரும். ஈர மையின் மேல் பிரேம் படாமல் இருக்க முதலில் ஒற்றைப்படை இடங்களையும், காய்ந்த பின் இரட்டைப்படை இடங்களையும் அச்சிடுகிறார்கள். சிதறிய ராக்கெட்டுகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் அந்த இணைப்பை அங்கே ஒளித்துவிடலாம். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. இடைவிடாமல் ஓடும் நேர்கோடுகளில் ஒளிக்க இடமே கிடையாது. அதே அரை மில்லிமீட்டர், துணியின் குறுக்கே ஒரு தழும்பாகத் தெரியும். பார்வைக்குச் சுலபமாகத் தோன்றும் கோட்டு வடிவம்தான் அச்சிடுபவரை அதிகம் சோதிக்கிறது என்பதை வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் தாமதமாகவே உணர்கிறார்கள்.

ரோட்டரி எந்திரத்தில் ஸ்கிரீனே இணைப்பற்ற நிக்கல் உருளையாக இருப்பதால் அந்தத் தழும்புக்கு இடமில்லை. ஆனால் பரவலாகப் புழங்கும் உருளையின் சுற்றளவு 64 செ.மீ. என்பதால், வடிவம் மீண்டும் தொடங்கும் ரிப்பீட் 64, 32 அல்லது 16 செ.மீ. என அந்த அளவுக்குள் மீதமின்றி அடங்க வேண்டும். அதைவிட உயரமான, அறையையே ஆளும் வடிவம் வேண்டுமென்றால் பெரிய உருளையைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் தட்டைப் பிரேமுக்குத் திரும்ப வேண்டும்.

மை விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிக்மென்ட் எனும் கரையாத நிறப்பொடி, நூலின் மேலேயே பைண்டர் எனும் பசையால் ஒட்டி நிற்பதால் மெல்லிய கோடு கூர்மையாக விழும். சுமார் 150 டிகிரி சூட்டில் சில நிமிடங்கள் வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் தொழிற்சாலை வடிவங்கள் பெரிதும் நம்பியிருக்கும் அகன்ற கறுப்புப் பரப்புகளை அதில் அச்சிட்டால் துணி அட்டை போல் விறைக்கும், உரசும் இடங்களில் நிறமும் மங்கும். ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்புக் கொள்வதால் துணியின் மென்மை கெடுவதில்லை. அதற்கு ஈடாக நீராவியில் வேகவைத்து, ஒட்டாத சாயம் போகும்வரை அலச வேண்டும், நீர்ச் செலவும் அதிகம். வரைபடக் கோடு போன்ற வடிவத்துக்கு முன்னதையும், கறுப்பு நிறைந்த லய வடிவத்துக்குப் பின்னதையும் நான் தேர்வேன்.

உருவத்தை விட மனமில்லாதவர்கள் துணியைத் தொங்கவிடாமல் சட்டத்தில் இழுத்துக் கட்டும் சுவர்ப் பலகைக்கோ, விறைப்பான பைக்கோ அதைப் பயன்படுத்தலாம். அங்கே கிரேனின் கையும் கொக்கியும் பிரிவதில்லை.