செம்புக் கம்பியா, குளோரினா: ஹாட் டப் தண்ணீருக்கு எது சரி?

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்குச் செம்பின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். நெல்லையப்பர் கோயிலில் நடராசர் ஆடுவதே தாமிர சபையில்தான். எங்கள் ஆச்சி ராத்திரி செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் காலையில் குடிப்பார். அதனால், “செம்பும் வெள்ளியும் போதும், மருந்தே வேண்டாம் அண்ணாச்சி” என்று விற்பனைக்கு வந்த தம்பி சொன்னபோது நானும் வள்ளியூர் அத்தானும் மறுபேச்சு பேசவில்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் இருக்கும் என் விருந்தினர் வீட்டு ஹாட் டப்புக்கு, அதாவது ஆட்கள் உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கு, ஒன்று, அத்தானின் தோட்டத்து வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு அயனைசர் வாங்கினோம். ஒரே கருவி, இரண்டு விதமான தண்ணீர். இரண்டு சீசன் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

அயனைசர் என்பது இதுதான்: செம்பும் வெள்ளியும் கலந்த இரண்டு கம்பிகள், நடுவே குறைந்த வோல்ட்டில் டிசி கரண்ட். கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அயனியாகத் தண்ணீரில் இறங்கும். செம்பு பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், வெள்ளி கிருமியைக் கொல்லும். செம்பு 0.2 முதல் 0.4 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருந்தால் போதும். கரண்டே இல்லாமல், ஃபில்டருக்குள் செருகி வைக்கும் மினரல் குச்சியும் உண்டு. ஆஸ்பத்திரி வெந்நீர்க் குழாய்களில் லெஜியோனெல்லா கிருமியை அடக்க இந்தச் செம்பு-வெள்ளி முறையைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இது ஏமாற்று வேலை இல்லை.

ஆனால் குழாய்க்குள் யாரும் இறங்கிக் குளிப்பதில்லை. ஆச்சியின் குடத்தில் செம்பு வேலை செய்ய ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருந்தது. எங்கள் டப்பில் பிடிப்பது 1,200 லிட்டர். அதில் நாலு பேர் இறங்கினால் வியர்வை, தோல் அழுக்கு, சோப்பு மிச்சம் எல்லாம் அந்த நிமிடமே கலந்துவிடும். குற்றாலத்தில் இன்னொன்றும் சேரும்: எண்ணெய். அருவிக்கரையில் மசாஜ் செய்துகொண்டு, பாதி எண்ணெய் உடம்பில் இருக்கும்போதே நேராக வந்து டப்பில் உட்காருவார்கள். தண்ணீர் மட்டத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் வழுவழு என்று ஒரு பழுப்புக் கோடு. இந்த அழுக்கைச் செம்பு எரிக்காது, எரிக்கவும் முடியாது. அதற்கு ஆக்சிஜனேற்றி வேண்டும். குளோரினோ, புரோமினோ, ஓசோனோ ஏதாவது ஒன்று.

முதல் சீசனில் இதைக் கேட்டுக்கொள்ளாமல் அயனைசரை மட்டும் நம்பினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஆனாலும் வந்து போன இரண்டு கல்லூரிப் பையன்களுக்கு மறுநாளே இடுப்பிலும் தொடையிலும் சிவப்புக் கொப்புளம். ஈரத் துணி உடம்போடு ஒட்டியிருந்த இடத்தில்தான் அதிகம். டாக்டர், வெந்நீர்த் தொட்டியில் வளரும் சூடோமோனாஸ் கிருமியால் வருவது என்று சொன்னார். அந்தப் பிள்ளைகளின் அம்மாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டது இன்னும் மறக்கவில்லை. தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

குளோரின் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. சூடோமோனாஸையும் லெஜியோனெல்லாவையும் சீக்கிரமே கொல்லும், அழுக்கையும் எரிக்கும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஹாட் டப்புக்குக் குறைந்தது 3 பிபிஎம் குளோரின், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.0 முதல் 7.8 வரை, சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 1,200 லிட்டருக்கு 3 பிபிஎம் ஏற்ற, 10 சதவீத லிக்விட் குளோரின் 36 மில்லி போதும், அதாவது இரண்டரை மேசைக்கரண்டிக்கும் குறைவு. “மருந்து நாற்றம்” என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கண் எரிச்சல் வாடை பெரும்பாலும் வியர்வையோடு கலந்து மாறிய குளோரின். நாற்றம் அடித்தால் குளோரின் போதவில்லை என்றே நினைத்துப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும், தினமும் பார்த்துப் போட வேண்டும். கேனை வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். பஞ்சாயத்துத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரை நம் போர்த் தண்ணீரில் போட்டால் இருக்கிற சுண்ணாம்போடு இன்னும் சுண்ணாம்பு சேரும். நீச்சல்குளக் குளோரின் மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில் புழங்கவே கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

புரோமின் சூட்டைக் குளோரினைவிட நன்றாகத் தாங்கும். பிஎச் கொஞ்சம் ஏறினாலும் வேலை செய்யும், வாடையும் குறைவு. சிடிசி அதற்குக் கேட்பது குறைந்தது 4 பிபிஎம். விலை அதிகம், நம் பக்கம் கடையில் கேட்டவுடன் கிடைக்காது, திறந்தவெளி டப்பில் வெயில் தின்றுவிடும். கூரைக்கு அடியில் டப் இருந்து, கையில் காசும் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஓசோனும் யூவி (புற ஊதா) விளக்கும் தங்களைத் தாண்டிப் போகும் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்யும். டப்பில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி இருக்கும் தண்ணீரில் எதையும் மிச்சம் வைக்காது. துணைக்கு நல்லது, தனியாக ஆகாது.

சரி, வள்ளியூர் கதைக்கு வருகிறேன். என் கிணறு மலையடிவாரத்தில் இருக்கிறது. கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 150-ஐத் தாண்டாது. அத்தானின் போரில் 1,400. மூன்றே வாரத்தில் அவர் வீட்டுக் கம்பிகளில் சுண்ணாம்புத் தோல் படிந்துவிட்டது. கழற்றி என் கையில் கொடுத்தபோது, நாள்பட்ட வெந்நீர் அண்டாவின் உட்புறம் மாதிரி வெள்ளையாக, சொரசொரப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடிந்தது, அடியில் செம்பு தெரியவில்லை. கரண்ட் அந்தத் தோலைத் தாண்டவில்லை. அத்தான் கரண்டைக் கூட்டி வைத்தார். தண்ணீரின் பிஎச்சோ 8-க்கு மேல். இறங்கிய செம்பு கரைந்து நிற்காமல், டப்பின் ஓரமெல்லாம் நீலப்பச்சைக் கறையாகப் படிந்தது. பெரியப்பாவின் நரைமுடியில் கூட லேசாகப் பச்சை. மைனி பயந்தே போய்விட்டார். உப்பு மிகுந்த தண்ணீரில் குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்வதால் அதன் வேலையும் குறையும்.

என் கிணற்றிலோ நேர்மாறான சங்கடம். உப்பு குறைவு, அதனால் கரண்டே சரியாகப் பாயவில்லை. எனக்குக் கம்பியைவிட மினரல் குச்சிதான் ஒத்துவந்தது. அதுவும் குளோரினோடு சேர்த்துத்தான். இப்போது பாசி பிடிப்பதில்லை, ஃபில்டர் கழுவும்போது கொழகொழப்புக் குறைந்திருக்கிறது. குச்சி இருக்கிறது என்பதற்காகக் குளோரினை 3-க்குக் கீழே நான் இறக்குவதில்லை. அந்தப் பையன்களுக்குப் பிறகு எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் போர்த் தண்ணீர் என்றால் அயனைசருக்குக் காசு போடாதீர்கள். அந்தக் காசில் லிக்விட் குளோரினும், பிஎச்சைக் குறைக்கும் மருந்தும், சோதனை செய்யும் சொட்டு மருந்தும் பல மாதங்களுக்கு வாங்கலாம். முடிந்தால் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் ஒரு சாஃப்ட்னர் வையுங்கள். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்து மென்மையான தண்ணீர் என்றால், குளோரின் பழக்கம் கைவந்த பிறகு ஆசைக்கு ஒரு மினரல் குச்சி போட்டுப் பார்க்கலாம்.

எதைப் போட்டாலும் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். டப் பிடிக்கும் லிட்டரை 11.4-ஆல் வகுத்து, தினம் இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று வரும். என் டப்பில் நாலு பேருக்கு 26 நாள். சாரல் சீசனில் பன்னிரண்டு பேர் இறங்குவார்கள், ஒன்பதாம் நாளே திறந்துவிடுகிறேன்.

அத்தானின் கம்பிகள் மோட்டார் ரூமில் தினத்தாளில் சுற்றிக் கிடக்கின்றன. என் டப்புக்குப் பக்கத்தில் ஒரு குழாயும், சீயக்காய் டப்பாவும், சோப்பும் வைத்திருக்கிறேன். அருவியிலிருந்து எண்ணெயோடு வருபவர்களை, அதில் தேய்த்துக் குளித்த பிறகுதான் உள்ளே விடுகிறேன். அதை வைத்ததிலிருந்து தினமும் ஊற்றும் குளோரின் முன்பைவிடப் பாதியாகக் குறைந்திருக்கிறது.