வாரியத்திடம் புகாரா, ஃபேஸ்புக்கில் பதிவா?

சிங்கப்பூரில் ஆலைகள் நிறைந்த துவாஸ் பக்கம் காற்றில் ரசாயன நாற்றம் அடித்தால் முதலில் கை போவது கைப்பேசிக்குத்தான். ஃபேஸ்புக்கில் போடுவதா, தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் புகார் செய்வதா?

பதிவு வேகமானது, இன்னும் யாருக்கெல்லாம் அதே நாற்றம் என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் சட்டம் பயமுறுத்துவதும் அங்கேதான். கம்பெனி பெயரைச் சொல்லி, நிரூபிக்க முடியாமல் போனால் அவதூறு வழக்கு வரலாம். குற்றவியல் அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. 2019-ல் வந்த, இணையப் பொய்களைத் தடுக்கும் பொஃப்மா சட்டப்படி, பொதுநலனைப் பாதிக்கும் பொய்யைத் தெரிந்தே, அல்லது பொய் என்று நம்பக் காரணம் இருந்தும், பரப்பும் தனிநபருக்கு 50,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. இந்த நிபந்தனை முக்கியம், பொய் என்று நினைக்கக் காரணமே இல்லாமல் நல்லெண்ணத்தில் எழுதியவர் அந்தக் குற்றத்தில் வரமாட்டார், ஆனாலும் பதிவில் திருத்தக் குறிப்புப் போடச் சொல்லும் அமைச்சரின் உத்தரவு அவருக்கும் வரலாம். ரசாயன ஆலைகள் இருக்கும் ஜூரோங் தீவு என்றால் இன்னும் சிக்கல், அங்கே அனுமதி இல்லாமல் படமே எடுக்கக் கூடாது.

வாரியத்திடம் போனால் இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. நேரம், இடம், எந்த மாதிரி நாற்றம் என்று சொன்னால் போதும், உள்ளே போய்ச் சோதிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. குறை என்னவென்றால், உங்கள் புகார் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாது.

என் கவலையெல்லாம் நாற்றம் வரும் ஆலைக்குள்ளேயே வேலை செய்யும் நம் ஊர்த் தம்பிகளைப் பற்றித்தான். தகவல் சொல்பவர்களைக் காக்கப் பொதுவான தனிச்சட்டம் இங்கே இல்லை, வேலை அனுமதியை முதலாளி ரத்து செய்துவிடலாம், அவர்கள் எப்படி வாய் திறப்பார்கள்? சரி, வெளியே இருக்கும் நாமாவது முதலில் புகாரைப் பதிவு செய்வோம், அப்புறம் பெயர் எதுவும் சொல்லாமல் நாற்றம் அடித்ததை மட்டும் எழுதுவோம்.