மண் அணை கட்டிய ஒப்பந்தக்காரரின் பணி: கரை நன்று, கலிங்கு போதாது

பாசனத்துக்காக எங்கள் சொந்த நிலத்தில் சிறிய மண் அணை ஒன்றைக் கட்டித் தந்த ஒப்பந்தக்காரரின் பணியைப் பற்றியது இந்த மதிப்புரை.

கரை வேலையில் குறை சொல்ல இடமில்லை. மேல்மண்ணையும் வேர்களையும் அகற்றிவிட்டு, நீர் ஊடுருவாத அடுக்கு தென்படும் வரை கரையின் நீளத்துக்கும் கடைக்கால் தோண்டிக் களிமண்ணால் நிரப்பினார்கள். பிறகு, பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் இறுக்கிய பின்னரே அடுத்ததைக் கொட்டினார்கள். தொடங்கும் முன்பே மண்கட்டி ஒன்றைத் தெளிந்த நீரில் இட்டு, நீர் பால்போலக் கலங்குகிறதா என்று பார்த்தது எனக்கு நம்பிக்கை தந்தது; அவ்வாறு கலங்கும் களிமண், கசிவு நீரோடு கரைந்து வெளியேறிக் கரைக்குள்ளேயே வழி திறந்துவிடும். நீர்ப்பக்க உட்சாய்வு 3-க்கு 1, வெளிச்சாய்வு 2-க்கு 1 (ஓரடி உயரத்துக்கு முறையே மூன்றடி, இரண்டடி கிடைநீளம்) என்ற அளவும் சரியானதே.

மதகுக் குழாயில் சற்றே அவசரம் காட்டினார்கள். கரையை ஊடுருவிச் செல்லும் குழாயை ஒட்டித்தான் கசிவு முதலில் வழி தேடும் என்பதாலும், குழாயின் அடிப்பக்கத்துக்கு உருளை எட்டாது என்பதாலும், அங்கே திமிசுக் கட்டையால் கையாலேயே மண்ணை இடித்து இறுக்க வேண்டும். வற்புறுத்திய பிறகே அதைச் செய்தார்கள்.

என் மனக்குறை, மிகுதி வெள்ளம் வெளியேறும் வழியான கலிங்கைப் பற்றியது. கொட்டிய மண்ணின் மேல் வைக்காமல் ஓரத்துக் கெட்டி நிலத்தில் வெட்டியது சரிதான். ஆனால் அகலத்தை எந்த நீர்ப்பிடிப்புப் பரப்பை, எவ்வளவு மழையைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்று கேட்டபோது, எல்லோருக்கும் இதே அளவுதான் என்ற பதிலே கிடைத்தது. மண் கரையின் மேல் நீர் வழிந்தோடினால் வெளிச்சாய்வு அரிக்கப்பட்டு, எவ்வளவு நன்றாக இறுக்கிய கரையும் உடைந்துவிடலாம். அமெரிக்காவில் தனியார் மன்றம் ஒன்றுக்குச் சொந்தமான சவுத் ஃபோர்க் மண் அணையின் கலிங்கில், மீன்கள் வெளியேறாமலிருக்க வைத்த தடுப்புகளைக் குப்பை அடைத்துக்கொள்ள, 1889-இல் கரைமேல் வெள்ளம் ஏறி அணை உடைந்து 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிறிய அணைக்கும் நியதி ஒன்றே. இறுதியில் வேறொரு பொறியாளரிடம் கணக்கு வாங்கி, எங்கள் செலவில் கலிங்கை அகலப்படுத்தினோம்.

முதன்முறை நீர் நிரம்பியபோது அவர்களே வந்து கரையடியில் கசிவு கலங்கலாக வருகிறதா என்று சோதித்தார்கள். கரையில் புல் மட்டும் வளர்க்குமாறும், மரக்கன்று எதையும் விடாதிருக்குமாறும் சொல்லிச் சென்றார்கள். கரைக்கு இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம்; கலிங்கின் அளவை மட்டும் வேறிடத்தில் கணக்கிட்டு, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.