மரை போன எஞ்சினுக்கு நீள போல்ட்டா, ஹெலிகாயிலா, புஷ்ஷா, ஆர்கானா?

பைக் எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றி, பேக்கிங் எல்லாம் புதிதாகப் போட்டு, கடைசியில் கிளட்ச் கவர் போல்ட்டை இறுக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும். ஸ்பேனர் கனத்துக்கொண்டே வந்து சட்டென்று லேசாகச் சுற்ற ஆரம்பிக்கும். போல்ட்டை வெளியே எடுத்தால் அதன் பற்களுக்கு நடுவே அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டு வரும். மரை, அதாவது போல்ட்டைப் பிடிக்கிற ஓட்டையின் திருகுப் பற்கள், போயிடுச்சு என்று அர்த்தம்.

ஏன் போகிறது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. கவர் போல்ட்டுகள் பெரும்பாலும் எம்6, அதாவது 6 மி.மீ. விட்டம். அலுமினியத்தில் அதற்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது பத்து சென்டிமீட்டர் கைப்பிடியை பத்து கிலோ அளவுக்கு இழுக்கிற பலம். நீளமான அரை இஞ்சு ராட்செட்டை வைத்து அழுத்தினால் அந்த அளவு எப்போது தாண்டியது என்றே கைக்குத் தெரியாது. இன்னொரு காரணம், போல்ட் இடம் மாறுவது. கவரில் நீளமும் குட்டையுமாகக் கலந்துதான் இருக்கும், நீள போல்ட் போக வேண்டிய இடத்தில் குட்டை போனால் மூன்று நாலு பல்லில்தான் பிடிக்கும், சரியான அளவுக்கு இறுக்கினாலும் பிய்த்துக்கொண்டு வரும். (அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து ஓட்டை போட்டு, கழற்றின போல்ட்டை அதே இடத்தில் குத்தி வைப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.)

சரி, இப்போது என்ன செய்வது? மெக்கானிக்கிடம் கேட்டால் "பெருசா டேப் போட்டுடலாம்" (பெரிய சைஸில் புது மரை வெட்டுவது) என்பார், லேத்காரர் "புஷ் போட்டுடலாம்" (உள்ளே மரை உள்ள உலோகக் குழலைப் பொருத்துவது) என்பார், இணையத்தில் எல்லாரும் ஹெலிகாயில் (மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) என்பார்கள். மூன்றுமே சரிதான், ஆனால் ஒரே ஓட்டைக்கு இல்லை. விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்த ஓட்டை, அதை எத்தனை தடவை கழற்றப் போகிறோம், எவ்வளவு சூடு வாங்கும், இந்த மூன்றையும் வைத்து முடிவெடுங்கள்.

இது எதுவுமே தேவைப்படாமலும் போகலாம். ஒரு பழைய ஸ்போக் கம்பியை ஓட்டைக்குள் விட்டு ஆழத்தை அளந்து பாருங்கள். போல்ட் எட்டாத ஆழத்தில் நல்ல மரை மிச்சம் இருந்தால், கொஞ்சம் நீளமான போல்ட் போட்டாலே வேலை முடிந்தது. போல்ட் அடியில் முட்டாமல் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். உள்ளே தேங்கிய ஆயிலையும் காற்றடித்து வெளியேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் இறுக்கும்போது அந்த ஆயில் தப்பிக்க வழியில்லாமல் காஸ்டிங்கையே (வார்ப்பு உலோகத்தையே) பிளந்துவிடும். பத்து இருபது ரூபாயில் முடிகிற இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை.

மிச்ச மரை இல்லை என்றால் எம்8-க்கு டேப் போடுவதா, ஹெலிகாயிலா என்ற கேள்வி வரும். கவர் போல்ட்டைப் பொறுத்தவரை எனக்கு இதில் சந்தேகமே இல்லை, ஹெலிகாயில்தான். எம்8 போட்டால் மரையின் வெளி விட்டம் 8 மி.மீ. ஆகிறது, ஓட்டையைச் சுற்றி இருக்கும் குமிழின் சுவர் மெலிந்துபோகிறது, கவரில் இருக்கும் துளையையும் பெரிதாக்க வேண்டும், கவரில் ஒரு போல்ட் மட்டும் வேறு சைஸ் ஸ்பேனர் கேட்கும். அடுத்து வண்டியைத் தொடுகிறவர் எம்8 என்று பார்த்ததும் எம்8-க்கு உரிய பலத்தில் இறுக்குவார், மெலிந்த சுவர் அதைத் தாங்காது. எம்7 போட்டால் இந்தப் பிரச்சினை குறையும், ஆனால் எம்7 போல்ட்டை எந்த ஹார்டுவேர் கடையில் தேடுவீர்கள்?

ஹெலிகாயிலுக்கு 6.2 அல்லது 6.3 மி.மீ. டிரில் போட்டு, அதற்கென்றே வரும் டேப்பை விட்டால் வெளி விட்டம் சுமார் 7.3 மி.மீ. தான் ஆகிறது. அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருள் போய் உட்காரும், பழைய எம்6 போல்ட்டே திரும்பப் போகும். பழைய அலுமினிய மரையை விட இது பலமானது. விமானப் பாகங்களில் பழுதாகாத புது அலுமினியத்துக்கே இதைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். சிக்கல் கையில்தான் இருக்கிறது. டிரில் சாய்ந்தால் போல்ட்டும் சாய்ந்துதான் போகும். சுருளை மேல் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, அடியில் இருக்கும் சின்ன நாக்கை உடைத்து எடுக்க வேண்டும், அது எஞ்சினுக்குள் திறக்கிற ஓட்டை என்றால் நாக்கு கைக்கு வந்ததா என்று பார்க்காமல் கவரை மூடாதீர்கள். மலிவான கிட்டில் வரும் டிரில் பிட்டை நம்ப வேண்டாம், நல்லதாகத் தனியே வாங்குங்கள்.

ஸ்பார்க் பிளக் ஓட்டைக்கு வந்தால் என் ஓட்டு மாறிவிடும். அடிக்கடி கழற்றுகிற இடம், கார்பன் ஒட்டுகிற இடம், சூடும் அதிகம். இங்கே ஹெலிகாயில் போட்டால் என்றாவது ஒருநாள் பிளக்கோடு சுருளும் சேர்ந்து வெளியே வரும். கெட்டியான புஷ்தான் நல்லது. டைம்செர்ட் என்ற பிராண்ட் மாதிரி ரெடிமேடாக வருவதில் மேலே ஒரு விளிம்பு இருக்கும், அதனால் புஷ் உள்ளே இறங்கிவிடாது. உள்ளே பொருத்தும் கருவி கடைசி சில பற்களை விரித்து அலுமினியத்தில் பூட்டிவிடும், அதனால் சுற்றவும் சுற்றாது. நம்மூர் லேத்தில் கடைந்து போடும் பித்தளை புஷ்ஷும் மோசமில்லை, சூட்டில் பித்தளை விரிவது ஸ்டீலை விட அலுமினியத்துக்கு நெருக்கமாகவே இருக்கும். ஆனால் அது சுற்றாமல் இருக்க என்ன செய்திருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள். வெறும் பசை என்றால் அந்தச் சூட்டில் நம்ப முடியாது.

புஷ்ஷின் நீளத்தையும் பாருங்கள். 12.7 மி.மீ. மரை உள்ள பிளக்கும் உண்டு, 19 மி.மீ. உள்ளதும் உண்டு. புஷ்ஷோ பிளக்கோ எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நுனி பழுத்து, தீப்பொறிக்கு முன்னாடியே பெட்ரோலைப் பற்ற வைக்கும். ஸ்ப்ளெண்டர் மாதிரி 10 மி.மீ. பிளக் வண்டியில் "14 போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள், வால்வு சீட்டுக்கும் பிளக் ஓட்டைக்கும் நடுவே விரிசல் விட அதுவே போதும். இந்த வேலையை ஹெட்டைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். டேப்பில் கிரீஸ் தடவினால் தூள் உள்ளே விழாது என்பது பாதி உண்மை. ஆர்எக்ஸ் 100 போல ஹெட்டில் வால்வும் டைமிங் செயினும் இல்லாத டூ ஸ்ட்ரோக்கில் ஹெட்டைக் கழற்றுவதற்குச் சோம்பல்படவே கூடாது.

ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்கும் புஷ்தான். தானே மரை வெட்டிக்கொண்டு போகும் ஓவர்சைஸ் போல்ட் கடையில் கிடைக்கும், ஊர் போய்ச் சேர அது உதவும், அடுத்த ஆயில் மாற்றத்துக்குள் சரியாகச் செய்துவிடுங்கள். எம்-சீல் (கெட்டியாகிவிடும் எபாக்ஸி பசை) வைத்து அடைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அடுத்து கழற்றுகிறவர் திட்டுவார்.

குமிழே உடைந்து போயிருந்தால்தான் ஆர்கான் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் அலுமினியத்தைப் பற்றவைப்பது). வருஷக்கணக்கில் ஆயில் குடித்த காஸ்டிங் எவ்வளவு கழுவினாலும் வெல்டிங்கில் நுரைத்துக்கொண்டு வரும், அனுபவசாலி கிடைக்கிற வரை காத்திருப்பது தப்பில்லை. ஹெட் என்றால் சூட்டில் வளைந்திருக்கலாம், கண்ணாடி மேல் கவிழ்த்து ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்து, வளைந்திருந்தால் மட்டம் தட்ட வேண்டும். இவ்வளவு செலவுக்கு ஹெட்டையே மாற்றலாமா என்றால், மாற்றலாம். எஞ்சினின் அடிப்பகுதிக் கூடான கிராங்க் கேஸ் அப்படி இல்லை. இரண்டு பாதியும் ஜோடியாகக் கடைந்தவை, சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பாதி மட்டும் வாங்கி வந்தால் பேரிங் இருக்கைகள் நேர்கோட்டில் வராது. ஜோடியாகவே வாங்கினாலும் எஞ்சின் நம்பர் அதில்தான் அடித்திருக்கும், ஆர்சி புக்கில் அதை மாற்ற ஆர்டிஓ ஆபீசுக்கு அலைய வேண்டும், பழைய கேஸுக்கு ரசீது இல்லாவிட்டால் அந்த நம்பர் யாருடையது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கேஸ் உடைந்தால் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் வெல்டிங்கையே முதலில் பாருங்கள்.